இரண்டு இடத்தில் எழுதிய பிள்ளை

காலை ஒன்பதே கால் மணிக்கு அந்த அலுவலக அறையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவை இரண்டு. ஒன்று, சுவரோரம் இருந்த தண்ணீர் குளிர்விக்கும் இயந்திரம். இன்னொன்று, இன்சூரன்ஸ் அக்காவின் மேஜை. மேஜைக்கு அடியில் அவளுடைய வலது கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. மனது ஓரிடத்தில் நிற்காத நாட்களில் அந்தக் கால் அப்படித்தான் ஆடும். கால் ஆடினால் மேஜை ஆடும், மேஜை ஆடினால் அதோடு ஒட்டிப் போட்டிருக்கும் எதிர்மேஜைக்காரனின் பேனா உருண்டு கீழே விழும். இன்றைக்கு அதற்குள் மூன்று முறை விழுந்துவிட்டது.

அது அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை. ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் நிர்வாகம் தரும் மருத்துவக் காப்பீட்டைக் கவனிப்பது அவள் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயரை இந்த ஏழு வருடத்தில் அங்கே யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் இன்சூரன்ஸ் அக்காதான். மேலாளர் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆனாலும் அவர் வாயிலும் அக்கா என்றுதான் வரும்.

வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரம் மட்டும் காப்பீட்டுக் கதவைத் திறந்து வைப்பார்கள். தொழிலாளிகள் தங்கள் கைபேசியிலோ சாப்பாட்டுக் கூடத்தில் வைத்திருக்கும் கம்ப்யூட்டரிலோ தங்கள் பெயரையும் குடும்பத்தார் பெயரையும் பதியவேண்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குக் கதவு சாத்தப்படும். அப்போது பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு ஒரு வருடம் மருத்துவச் செலவைப் பற்றிக் கவலை இல்லை. விட்டுப்போனவர்கள் அடுத்த வருடம் வரை காத்திருக்கவேண்டியதுதான்.

அவள் காலை ஆட்டவைத்தது முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரை. ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தால் மென்பொருள் அந்த வரியில் ஒரு மஞ்சள் பட்டை போட்டுக் காட்டும். அன்று காலை நானூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் பட்டைகள் இருந்தன. மஞ்சளாகக் காட்டத் தெரிந்த அந்த மென்பொருளுக்கு, பதியும்போதே தடுக்கத் தெரியவில்லை. 'தொடரலாமா?' என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கும். அவசரத்தில் இருக்கிற மனிதர்கள் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

மேலாளர் வந்து அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன வருடம் முப்பத்தொரு பேர் இரட்டையாகப் போய்விட, காப்பீட்டு நிறுவனம் மொத்தப் பட்டியலையும் திருப்பி அனுப்பிவிட்டது. எல்லோருக்கும் காப்பீட்டு அட்டை வர ஏழு வாரம் ஆனது. அந்த இடைவெளியில் கால் முறிந்த ஒரு சுமைதூக்கி மருத்துவமனை வரவேற்பில் அரை நாள் படுத்துக் கிடந்தார். அதற்காகத் தலைமை அலுவலகத்தில் மேலாளர் வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மஞ்சளே இருக்கக் கூடாது. எனக்குப் பூஜ்யம் வேணும்" என்றார். கொஞ்சம் நின்று, "ஓசின்னா இந்த ஜனங்களுக்கு ரெண்டு கையும் நீளும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இன்சூரன்ஸ் அக்கா தலையாட்டினாள். மனதுக்குள் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

எதிர்மேஜைக்காரனுக்கு மின்னல் என்று பெயர். வேலையை அவ்வளவு வேகமாக முடிப்பான். முடித்ததைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் கிடையாது. இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே ஏழு வருடத்தை ஓட்டியவர்கள். அவர்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கடைசி நாட்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைவதால் மென்பொருள் கொட்டாவி விட்டுத்தான் அடுத்த பக்கத்துக்கு நகரும். அதை நம்பி உட்கார்ந்தால் விடிந்துவிடும் என்று, மஞ்சள் பட்டியலைத் தனியாக இறக்கி இரண்டாகப் பிரித்தார்கள். பசை, பெட்டித் தையல், அடுக்கும் பிரிவுகள் அவளுக்கு. அங்கே பெரும்பாலும் பெண்கள். கிடங்கு, வண்டி, இயந்திரப் பழுது அவனுக்கு. அங்கே பெரும்பாலும் ஆண்கள். அவரவர் பங்கில் வேண்டாத வரிக்கு எதிரே 'நீக்கு' என்று குறித்து, மறுநாள் இரண்டு பட்டியலையும் ஒன்றாக ஏற்றிவிடுவது என்று முடிவானது.

ஒரே ஆள் தன்னையே இரண்டு முறை பதிந்திருந்தால் பழையதை எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். கணவனும் மனைவியும் இங்கேயே வேலை செய்து, ஒருவர் இன்னொருவரையும் சேர்த்திருந்தால் அந்தச் சேர்க்கையை எடுத்துவிடலாம், அவரவருக்கு அவரவர் பெயரில் காப்பீடு இருக்கிறதே என்று பேசிக்கொண்டார்கள். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு முறை பதிந்த பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தோன்றியதுதான் காரணம். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தொடங்கி எதிலும் அப்பா பெயர்தானே முதலில், ஆகவே பிள்ளை அப்பா கணக்கில் இருக்கட்டும் என்று அவள் அம்மாக்களின் பக்கத்தில் 'நீக்கு' போட்டாள். பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது என் வீட்டில் என் மனைவிக்குத்தானே தெரியும், ஆகவே பிள்ளை அம்மா கணக்கில் இருக்கட்டும் என்று அவன் அப்பாக்களின் பக்கத்தில் 'நீக்கு' போட்டான். இரண்டு பேரும் நியாயமாகத்தான் யோசித்தார்கள். அந்த இரண்டு நியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

அன்று மாலை வீட்டில் மகள் ஏதோ பள்ளிப் படிவத்தை நீட்டினாள். அக்கா உடையைக்கூட மாற்றாமல் நின்றபடி கையெழுத்துப் போட்டாள். "படிக்காமலே போடறியேம்மா" என்றாள் மகள். நாள் முழுக்கப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன், போ என்று அவளை விரட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே கால் மணிக்கு இரண்டு பட்டியலையும் ஏற்றினார்கள். திரை ஒரு நிமிடம் சுற்றியது. பிறகு மஞ்சள் பட்டைகள் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போயின. மின்னல் கையைத் தட்டினான். மேலாளர் தன் கையாலேயே எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அப்படி ஒரு காட்சியை அந்த அறை அதற்கு முன் கண்டதில்லை. இரட்டைப் பதிவு பூஜ்யம், மொத்தத் தலைகள் நாலாயிரத்து முந்நூற்று இருபத்தாறு என்று தலைமை அலுவலகத்துக்கும் அப்போதே எழுதி அனுப்பிவிட்டார்.

ஒரு மணிக்கு வராந்தாப் பக்கத்து ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. பசை இயந்திரத்தில் வேலை செய்யும் பெண். விரல்களில் காய்ந்த பசை தோல்போல உரிந்துகொண்டிருந்தது. அவள் கணவன் இதே தொழிற்சாலையின் கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். சாப்பாட்டு நேரம் அரை மணிதான், அதில் பத்து நிமிடத்தை இங்கே நடந்து வரவே செலவழித்திருந்தாள்.

"அக்கா, எங்க கார்டு ஒண்ணாந்தேதிக்குள்ள வந்துடுமா? பாப்பாவுக்கு எட்டாந்தேதி காது ஆபரேஷன். கார்டு நம்பர் குடுத்தாத்தான் தேதி நிக்கும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க."

ஏழு வயதுப் பெண் குழந்தை. செவிப்பறையில் ஓட்டை. இடது காது போய்விட்டது, வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அக்கா அவளுடைய பதிவைத் திறந்தாள். அதில் அவள் பெயர் மட்டும் தனியாக இருந்தது.

"பாப்பா உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்காம்மா. ரெண்டு இடத்துல இருக்கக் கூடாது, அதான் இங்க எடுத்துட்டோம்."

"அங்க இருக்கால்ல? பாத்துட்டீங்கல்ல அக்கா?"

"பாத்துட்டேன்."

அவள் பார்க்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது, பூஜ்யம் என்று திரையே சொல்கிறது. இதற்கு மேல் என்ன பார்ப்பது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பசைக்காரி நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்புதான் அக்காவைச் சாப்பிடவிடாமல் செய்தது. ஒரு வாய் வைத்தாள், டப்பாவை மூடினாள். எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்தாள், குடிக்காமல் கொண்டுவந்து வைத்தாள். கால் ஆடத் தொடங்கியது. மின்னலின் பேனா விழுந்தது.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, சும்மா ஒரு திருப்திக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஃபோர்க்லிஃப்ட்காரனின் பதிவைத் திறந்தாள். மனைவி: இல்லை. பிள்ளைகள்: இல்லை.

கால் நின்றுவிட்டது.

"ஃபோர்க்லிஃப்ட்காரரோட பொண்ண நீ எடுத்தியா?" என்று கேட்டாள்.

"ஆமா. அவங்கம்மாவும் இங்கதான வேலை பாக்கறாங்க. அம்மா பேர்ல இருக்கும்ல" என்றான் மின்னல், தலையை நிமிர்த்தாமல்.

"அம்மா பேர்லேர்ந்து நான் எடுத்துட்டேன்."

இப்போது நிமிர்ந்தான். அவள் தன் பட்டியலையும் அவன் தன் பட்டியலையும் திறந்து, ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நேற்றுக் காலை செய்திருக்கவேண்டிய காரியம் அது. நாற்பத்தொரு தம்பதிகள். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். ஐம்பத்தெட்டுப் பேரும் இரண்டு பக்கமும் இல்லை. மஞ்சள் பட்டை அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. இரட்டையைத்தான் அதற்குக் காட்டத் தெரியும்.

மின்னல் கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். அந்தக் காதுக் குழந்தையை மட்டும் இப்போதே அப்பா பெயரில் போட்டுவிடலாம். மற்றவர்கள் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒரு தலை கூடினால் மேலாளருக்குத் தெரியாது, ஐம்பத்தெட்டு கூடினால் நம் தலை போய்விடும்.

ஒளிப்பானேன், அக்காவுக்கு அது பிடித்திருந்தது. ஏழு வருடமாகச் சேர்த்த நல்ல பெயர் ஒரே மத்தியானத்தில் போவதை யார்தான் விரும்புவார்கள்? காதுக் குழந்தையின் பெயரை அவள் திரும்பப் பதிந்தாள். இரண்டு நிமிட வேலை. சேமித்தாள், திரும்பத் திறந்து இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

சாய்ந்தவள் ஒரு நிமிடம்கூட அப்படி இருக்கவில்லை. பட்டியல் இன்னும் திரையில்தான் இருந்தது. வேண்டாம் என்று நினைத்தும் கண் அதன்மேல் ஓடியது. ஒன்பது வயது, நான்கு வயது, பதினாறு வயது. ஒன்று எட்டு மாதம். இந்த ஒரு குழந்தை திரும்பி வந்தது ஏன்? அதன் அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டு ஜன்னலுக்கு நடந்து வந்தாள். மற்ற அம்மாக்களுக்கு வரத் தோன்றவில்லை. அவர்கள் நம்பிக்கொண்டு இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். நம்பினவர்களுக்கு ஒன்றும் இல்லை, சந்தேகப்பட்டவளுக்கு மட்டும் உண்டு என்றால் இது என்ன ஊழியம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே முகம் சுட்டது.

"கேக்கும்போது பாத்துக்கலாம்னா, அப்ப கதவு சாத்தியிருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மேலாளர் முதலில் நம்பவில்லை, பிறகு கோபப்பட்டார், அதன் பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்த குரல்தான் அதிகம் பயமுறுத்தியது. மொத்தத் தலைகள் இத்தனை என்று மேலே எழுதியாகிவிட்டது. இப்போது மாற்றினால் போன வருடக் கதைதான். பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு இந்த வருடம் ஒரு சளிகூடப் பிடிக்காது. யாராவது வந்தால் அப்போது ஏதாவது வழி செய்யலாம். இப்படி அவர் சொல்லிக்கொண்டே போனார். பிறகு ஒரு தாளை நகர்த்தி வைத்தார். பட்டியலைச் சரிபார்த்தோம், குறை இல்லை என்று காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் உறுதித் தாள். கீழே அவளுடைய கையெழுத்துக்கும் மின்னலின் கையெழுத்துக்கும் இடம் இருந்தது.

அவளுக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. தாளை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மேலாளர் பேனாவை நீட்டியபடியே இருந்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"உன் தப்ப மறைக்கத்தான் நான் வழி சொல்றேன்."

"தெரியுது சார். நாங்க பண்ணது தப்பு. அது எங்க பேர்லயே இருக்கட்டும். இதுல கையெழுத்துப் போட்டா அது தப்பு இல்ல, பொய்."

அறைக்கு வெளியே மின்னல் வந்து நின்றிருந்தான். தயங்கித் தயங்கி, "நானும் போட மாட்டேன் சார்" என்றான். அவன் வாழ்க்கையில் ஒரு வேலையை மறுத்தது அதுதான் முதல் தடவை.

சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பதைக் காட்டியது. மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். கெட்டவர் இல்லை அவர், பயந்தவர். கடைசியில், சரி, எல்லாப் பிள்ளைகளையும் மொத்தமாக அப்பா பெயரில் போட்டுத் தொலையுங்கள் என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அவள் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்காமல் முடிவு செய்ததால்தான் இவ்வளவும். அதையே திரும்பவும் செய்யச் சொல்கிறீர்களே என்றாள். பசைக்காரி வீடு போக மற்ற நாற்பது வீட்டையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பதிவோம், இயந்திரத்தின் அருகே போய்ப் பேச மேற்பார்வையாளர்களிடம் சொல்லுங்கள். மேலாளர் தொலைபேசியை எடுத்தார். மேற்பார்வையாளரிடம், அக்கா வருவாங்க, யாரும் தடுக்க வேணாம் என்றார்.

பிறகு அந்தத் தொழிற்சாலை ஒரு வேடிக்கையைப் பார்த்தது. எப்போதும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இன்சூரன்ஸ் அக்கா கையில் தாளோடு இயந்திரங்களுக்கு நடுவே ஓடினாள். மின்னல் கிடங்குப் பக்கம் ஓடினான். அவன் விரல்தான் வேகம், கால் இல்லை என்பது அன்று தெரிந்தது. இயந்திர இரைச்சலில் ஒவ்வொருவர் காதருகிலும் குனிந்து, பிள்ளை யார் பெயரில் இருக்கட்டும் என்று கேட்கவேண்டியிருந்தது. ஏன் கேட்கிறோம் என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. சிலர் முறைத்தார்கள். ஒருத்தி, படிச்சவங்க பண்ற வேலையா இது என்று கேட்டாள். அக்கா அதற்குத் தலையாட்டிவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போனாள்.

தையல் பிரிவில் ஒருத்தி இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னாள். "என் பேர்லயே இருக்கட்டுங்க. அவரு வீட்ட விட்டுப் போயி ஆறு மாசம் ஆச்சு. கார்டு அவரு முகவரிக்குப் போனா எங்க கைக்கு வராது." அவளுடைய இரண்டு பையன்களையும் அம்மா பெயரிலிருந்து எடுத்து அப்பா பக்கம் தள்ளியது தன்னுடைய 'நீக்கு' என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. மொத்தமாக அப்பா பெயரில் போட்டிருந்தாலும் அந்தப் பையன்கள் காகிதத்தில் மட்டும்தான் இருந்திருப்பார்கள்.

கிடங்கில் ஒருவர், தான் மூன்று முறை அழுத்தியதாக ஒப்புக்கொண்டார். பதிவாச்சுன்னு அது சொல்லவே இல்லையே தம்பி, சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சு, நான் என்ன பண்றது என்று மின்னலிடம் நியாயம் கேட்டார். நியாயம்தான் என்று மின்னல் எழுதிக்கொண்டான்.

நான்கு மணிக்கு இருவரும் மாடிப்படியில் நின்று தாள்களை ஒப்பிட்டார்கள். இனிமேல் ஒப்பிடாமல் ஒன்றும் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். அது நல்லதாகப் போயிற்று. அடுக்கும் பிரிவில் ஒரு மனைவி, அவரு பேர்ல போடுங்க என்று சொல்லியிருந்தாள். பழுது பார்க்கும் அவள் கணவன், அவ பேர்ல போடுங்க என்று சொல்லியிருந்தான். அந்த வீட்டுப் பெண் குழந்தை மறுபடியும் நடுவில் விழப் பார்த்தது. படியிலேயே உட்கார்ந்து இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போன் போட்டார்கள். கணவனும் மனைவியும் நீங்களே, இல்லை நீயே என்று இரண்டு நிமிடம் விட்டுக்கொடுத்துக்கொண்டார்கள். நல்ல குடும்பம், ஆனால் நேரம் இல்லை என்று மின்னல் குறுக்கே புகுந்து முடித்துவைத்தான்.

நான்கு ஐம்பதுக்கு ஒரே ஒரு குழந்தை பாக்கி. எட்டு மாதக் குழந்தை. அப்பா வெளியூர் சரக்கோடு வண்டியில் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. அம்மா விடுப்பில் இருந்தாள். மின்னல் கடைசி வரிகளைப் பதிந்துகொண்டிருக்க, அக்கா தையல் பிரிவிலிருந்து இன்னும் மாடி ஏறிக்கொண்டிருந்தாள். அறையில் சும்மா இருந்தவர் மேலாளர் ஒருவர்தான். அவரே அந்த அம்மாவின் எண்ணைப் பார்த்து அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கும்படி போனின் ஒலிபெருக்கியில் போட்டார்.

அந்த அம்மா பயந்துபோனாள். ரெண்டு பேரும் எழுதினது தப்புங்களா சார், வேலைக்கு ஏதாவது ஆயிடுமா என்று கேட்டாள். மேலாளர், அதெல்லாம் இல்லை, யார் பெயரில் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். என் பெயரில் என்றாள். போனை வைக்கப் போன மேலாளர், என்ன நினைத்தாரோ, எதுக்கும்மா ரெண்டு இடத்துல எழுதினீங்க என்று கேட்டார்.

"ஒரு இடத்துல விட்டுப்போனாலும் இன்னொரு இடத்துல நிக்குமேன்னுதான் சார். போன வருஷம் பெரியவன் பேரு விட்டுப்போச்சு. யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல."

அக்கா வாசலில் மூச்சுவாங்க நின்று அதைக் கேட்டாள். மேலாளர் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓசி என்று இனி அவர் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. நான்கு ஐம்பத்தாறுக்குக் கடைசிப் பெயர் ஏறியது. மஞ்சள் இல்லை. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளையும் இரண்டு பேரும் ஒரு முறை உரக்கப் படித்து, ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். அதன் பிறகுதான் இருவரும் உறுதித் தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

மேலாளர் தலைமை அலுவலகத்துக்குத் திருத்திய எண்ணிக்கையை அனுப்பினார். எண்ணிக்கை ஏன் மாறியது என்பதையும் தன் பெயரைச் சேர்த்து மறைக்காமல் எழுதினார். அதே சூட்டில் மென்பொருள் செய்தவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இரண்டாவது முறை பதியும்போதே, இந்தப் பிள்ளை ஏற்கெனவே இன்னார் கணக்கில் இருக்கிறது என்று சொல்லித் தடுக்கவேண்டும். பதிந்தால் பதிந்தது என்று தெளிவாகச் சொல்லவேண்டும். ஒரு ஆளின் கடைசிப் பதிவை யாரும் கேள்வி இல்லாமல் நீக்கமுடியக் கூடாது. இதற்கெல்லாம் தலைமை அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ, திங்கட்கிழமை தெரியும்.

அக்காவுக்கு இன்னும் ஒரு வேலை இருந்தது. ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டுக் கூட்டம் வாசலை நோக்கி வந்தபோது, அவள் வாயிற்காவலர் அறையின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பசைக்காரி விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அக்கா அவளை ஓரமாக அழைத்தாள்.

"மத்தியானம் பாத்துட்டேன்னு சொன்னேன்ல. நான் பாக்கலம்மா. பாப்பா பேரு ரெண்டு பக்கமும் இல்லாம இருந்துச்சு. நாங்க ஆளுக்கொரு பக்கமா எடுத்துட்டோம்."

பசைக்காரியின் கை தன்னையறியாமல் தன் காதைத் தொட்டது. கூட்டம் அவர்கள் இருவரையும் உரசிக்கொண்டு போனது.

"இப்ப இருக்கா?" என்று கேட்டாள் கடைசியில்.

அக்கா சொல்லவில்லை. கைபேசியைத் திறந்து அவள் கையிலேயே கொடுத்தாள். கணவன் பெயருக்குக் கீழே மகளின் பெயர், பிறந்த தேதி, தொடங்கும் நாள் ஒன்றாம் தேதி. பசைக்காரி அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தாள். கைபேசியின் கண்ணாடியில் பசை ஒட்டியது.

"நாங்கதான்க்கா ரெண்டு இடத்துல எழுதிக் குழப்பிட்டோம். தப்பு எங்க மேலதான்."

"இல்ல. ரெண்டு தடவ இருந்தா மெஷினு காட்டிக் குடுத்துடும். ஒரு தடவகூட இல்லன்னா அது காட்டாது, அத மனுஷங்கதான் பாக்கணும். ஒருத்தர் பேர எடுக்கறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு வார்த்த கேக்கணும். நாங்க கேக்கல. தப்பு எங்க மேல."

பசைக்காரி கைபேசியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்சம் தயங்கி, அப்ப அடுத்த வருஷம் ஒரு இடத்துல மட்டும் எழுதினாப் போதுமா என்று கேட்டாள்.

"போதும். எழுதிட்டு ஜன்னலுக்கு வாங்க. பாத்துட்டீங்களான்னு கேளுங்க. நான் பாத்துட்டேன்னு சொன்னா அதோட போயிடாதீங்க. எங்க, காட்டுங்கன்னு கேளுங்க."